தண்ணீரில் பாதிப் பேர்

அந்த விமானத்தைச் செய்தவன் மட்டும் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று புதுச்சேரியில் சாரம் பகுதியிலிருந்த அந்த கிராஃபிக்ஸ் ஸ்டுடியோவில் வேலை செய்த அத்தனை பேருக்கும் தோன்றியிருந்தது. மேலே ஓர் இறக்கை, கீழே ஓர் இறக்கை, நடுவில் குச்சி குச்சியாகத் தாங்கல்கள், அது போதாதென்று குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி. இறக்கை பூராவும் துணி. தலைக்கு மேலே மூடிகூடக் கிடையாது. அதில் மூன்று பேர் உட்கார்ந்து, வயிற்றடியில் தண்ணீருக்கடியில் பாய்கிற டார்பிடோ குண்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு, புயலில் ஆடுகிற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பிப் போய், பிஸ்மார்க் என்கிற ஜெர்மன் போர்க்கப்பலை அடித்திருக்கிறார்கள். 1941இல். கதை விடுகிறார்கள் என்றுதான் முதலில் எல்லாரும் நினைத்தார்கள். நடந்தது என்னவோ நிஜம். அதைப் பிரான்சில் ஒரு டிவி கம்பெனி ஆவணப்படமாக எடுத்து, கம்ப்யூட்டரில் செய்யவேண்டிய வேலையை மட்டும் புதுச்சேரிக்கு அனுப்பியிருந்தது.

ஹேமலதாவுக்கு விழுந்தது கம்பிகள். பச்சைத் துணிக்கு முன்னால் ஒரு மாதிரி விமானத்தைத் தொங்கவிட்டுப் படம் பிடித்திருந்தார்கள். பச்சையை எடுத்துவிட்டுப் பின்னால் புயல் வானத்தை வைக்க வேண்டும். ஒவ்வொரு கம்பிக்கும் இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு. படம் அசைய அசையக் கோட்டையும் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். கண் அவிந்துவிடும். பக்கத்து நாற்காலி சிந்துஜா அந்த விமானத்தின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டிக்கொண்டேதான் செய்தாள். ஹேமலதா திட்டவில்லை. அவளுக்கு அந்தக் கம்பிகள் பிடித்திருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை.

அவளுடைய அண்ணன் இளஞ்செழியன் கடலில் காணாமல் போயிருந்தான்.

வீடு வைத்திக்குப்பத்தில். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, ஊரே படகுக்கு வர்ணம் பூசிப் பூ போட்டுக் கடலுக்குள் தள்ளிய வாரம் அது. கூடப் போக வேண்டிய காத்தவராயனுக்குக் காய்ச்சல். தனியாகப் போக வேண்டாம் என்று பொண்டாட்டி அன்னக்கிளி சொல்லிப் பார்த்தாள். "இதோ பக்கத்துலதான்டி, நண்டு வலைய எடுத்துட்டு வந்துடறேன்" என்று போனவன்தான். மதியம் பிள்ளைச்சாவடிக் குப்பத்துக்கு நேரே அவனுடைய படகு மட்டும் கிடைத்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, ஆள் இல்லை. கைப்பிடியை விட்டுவிட்டால் ஃபைபர் படகு நேரே போகாது. எஞ்சின் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டு, எண்ணெய் தீரும்வரை அதே இடத்தில் வட்டம் போடும். பிள்ளைச்சாவடிக்காரர்கள் கரையிலிருந்து பார்த்து, எவனோ போதையில் விளையாடுகிறான் என்று சிரித்தார்களாம். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. விஷயம் தெரிந்ததும் முதலில் தண்ணீரில் குதித்ததும் அவர்கள்தான்.

வைத்திக்குப்பத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கடல் ஒருத்தனை வைத்துக்கொண்டால் ஊரில் எவனும் வலை போடக் கூடாது. படகு போகலாம், தேடுவதற்கு மட்டும். உடம்பு கிடைத்துவிட்டால் காரியத்தை முடித்துவிட்டு மறுநாள் தொழிலுக்குப் போகலாம். கிடைக்கவில்லை என்றால், அந்த வீட்டு ஆள் ஒருவர் கரைக்கு வந்து, பஞ்சாயத்தார் முன்னால் நின்று, "வலை போடுங்க" என்று தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லும்வரை ஊர் காத்திருக்கும். யாரும் போய்க் கேட்கக் கூடாது, ஜாடை மாடையாகக்கூட. அதுதான் கட்டுப்பாட்டிலேயே பெரிய கட்டுப்பாடு.

சொல்வதற்கு இரண்டே வார்த்தை. சொல்லிவிட்டால் ஆள் செத்துவிட்டான் என்று அர்த்தம். அன்றைக்குச் சாயங்காலமே அன்னக்கிளியின் தலையிலிருந்து பூவை எடுத்துவிடுவார்கள்.

யார் சொல்வது? அம்மா போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆயிற்று. அப்பா சக்கரபாணி, படகு திரும்பி வந்த அன்றைக்கு ஏறி அதில் உட்கார்ந்தவர், சாப்பிடவும் தூங்கவும்தான் இறங்கினார். பேச்சு அடியோடு நின்றுபோயிருந்தது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான். அன்னக்கிளியோ தினமும் காலையில் வாசலில் பூக்காரியை நிறுத்தி மல்லிகை வாங்கித் தலை நிறைய வைத்துக்கொண்டாள். நெற்றியில் பொட்டு பளிச்சென்று இருந்தது. இப்படி ஒருத்தி உட்கார்ந்திருக்கும்போது எவளுக்கு வாய் வரும்? வருகிறவர்கள் எல்லாம் அந்தப் பூவைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இதில் ஹேமலதாவுக்கு ஒரு வசதி இருந்தது, கேட்டால் சிரிப்பு வரும். சாவு வீடு என்று யாரும் சொல்ல முடியாததால், சாவு வீட்டிலிருந்து ஆபீஸுக்குப் போகிறாளே என்றும் யாரும் ஏச முடியவில்லை. அவள் பாட்டுக்குத் தலையைச் சீவிக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். உடம்பு நடந்தது, சாப்பிட்டது, மவுஸைப் பிடித்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை. பல்லுக்கு ஊசி போட்டபின் கன்னம் இருக்குமே, அப்படி இருந்தது நெஞ்சு.

வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. ஊர் வழக்கப்படி வீட்டுக்கு ஒருவராக முறை வைத்துச் சோறு கொண்டுவந்தார்கள். முதலில் சாம்பார், கூட்டு, அப்பளம் என்று வந்தது. அப்புறம் ரசமும் துவையலும் வந்தன. அப்புறம் வெறும் புளிச்சோறு. தடைக்காலம் முழுக்கத் தொழில் இல்லாமல் இருந்துவிட்டு, மீன் கொட்டுகிற நேரத்தில் மறுபடியும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஊர். தொட்டடுத்த குப்பத்துப் படகுகளெல்லாம் கண்ணெதிரே போய்வந்துகொண்டிருந்தன. ஒருத்தர் வாயைத் திறக்கவில்லையே! ஆனால் தூக்குச்சட்டி சொல்லிவிட்டது. ஹேமலதா மூடியைத் திறக்கும்போதெல்லாம் அதைக் கேட்டாள். கேட்டும் கேட்காத மாதிரி மூடி வைத்தாள்.

ஸ்டுடியோவில் எல்லாருக்கும் மேலே புருஷோத்தமன். லிசே என்கிற பிரெஞ்சுப் பள்ளியில் படித்த மனுஷன், பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு, க்ளையண்டிடம் போனில் கொஞ்சுவதைப் பார்த்தால் சொந்த அத்தை மகளிடம் பேசுகிறாரோ என்று தோன்றும். ஒருநாள் அவர் எல்லாரையும் கூட்டி, எந்த ஷாட்டுக்கு அப்புறம் எந்த ஷாட் என்று விளக்கினார்.

"மொதல்ல போனவனுங்க அடிச்சது எதைத் தெரியுமா? சொந்தக் கப்பலை. மழை, மேகம், ஒண்ணும் தெரியல. கீழ தெரிஞ்ச கப்பல்தான் பிஸ்மார்க்குன்னு நெனச்சுப் போட்டுட்டானுங்க."

"அய்யய்யோ!" என்றாள் சிந்துஜா. "அப்புறம்?"

"நல்ல நேரம், டார்பிடோல கோளாறு. பாதி, தண்ணியத் தொட்டதுமே வெடிச்சுப்போச்சு. மீதிக்குக் கப்பல் வளைஞ்சு வளைஞ்சு தப்பிச்சுது. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல."

"தப்புன்னு தெரிஞ்சதும் என்ன சார் பண்ணாங்க?" ஹேமலதா கேட்டாள். அந்த வாரத்தில் அவளாக வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி அது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன பண்ணுவாங்க? திரும்பி வந்தாங்க, வேற டார்பிடோ மாட்டினாங்க, மறுபடி போனாங்க. இந்தத் தடவை பிஸ்மார்க்கோட பின்பக்கம் ஒண்ணு பட்டுச்சு. சுக்கான் ஒரு பக்கமா திரும்பி, அப்படியே சிக்கிக்கிச்சு. எஞ்சின் நல்லா இருக்கு, பீரங்கி நல்லா இருக்கு. நேரா மட்டும் போவ முடியல."

சிந்துஜாவின் திரையில் அந்த ஷாட் இருந்தது. அவ்வளவு பெரிய கப்பல், பின்னால் வெள்ளை வெள்ளையாக நுரையை இழுத்துக்கொண்டு வட்டமாகத் திரும்பியது. முடிந்ததும் முதலிலிருந்து ஓடி மறுபடியும் திரும்பியது. ஹேமலதா பார்த்துக்கொண்டே இருந்தாள். சிந்துஜாவுக்குச் சட்டென்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு திரையை அணைக்கப் போனாள்.

"ஓடட்டும் சிந்து. எனக்கு ஒண்ணும் ஆவல" என்றாள் ஹேமலதா. உண்மையாகவே அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கடைசி ஷாட்டுகள் வந்தன. கப்பல் மூழ்கியாயிற்று. கடலில் நூற்றுக்கணக்கில் ஆட்கள். பெரிய தொட்டியில் துணை நடிகர்களை மிதக்கவிட்டு எடுத்த படம். அவர்களை அடித்த ஆங்கிலேயக் கப்பலே பக்கத்தில் வந்து நின்று, கயிறு போட்டு மேலே ஏற்றுகிறது. க்ளையண்ட் ஒரே ஒரு திருத்தம் எழுதியிருந்தாள்: குழந்தைகள் பார்க்கிற நேரத்தில் ஒளிபரப்பாகிறது, பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது, தண்ணீரில் இருக்கிற ஆட்களில் பாதிப் பேரை எடுத்துவிடவும்.

புருஷோத்தமன் அந்த ஷாட்டை வேறு யாருக்காவது தள்ளிவிடப் பார்த்தார். எல்லார் தலையிலும் வேலை இருந்தது. கழுத்தைச் சொறிந்துகொண்டு ஹேமலதாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"கம்பி முடிஞ்சுது சார். அதைக் குடுங்க" என்றாள் அவளே.

"வேணாம்மா. திங்கக்கெழம பாத்துக்கலாம்."

"இன்னிக்குத்தான சார் அனுப்பணும். குடுங்க."

அவர் கொடுத்துவிட்டு நகரவில்லை. அவள் படத்தை ஒரு தடவை முழுக்க ஓட்டினாள். முடிகிற இடத்தில், கயிற்றில் ஆட்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே கப்பல் நகர ஆரம்பித்தது.

"ஏன் சார் கெளம்புது? இன்னும் இவ்ளோ பேரு தண்ணில இருக்காங்களே?"

"நீர்மூழ்கிக் கப்பல் வருதோன்னு ஒரு சந்தேகம். நின்னா எல்லாரும் காலி. அதான் போயிட்டாங்க."

"யாரு போவச் சொன்னது?"

"கேப்டன்தான்."

"வாயால சொன்னாரா?"

"சொல்லாம எப்படிம்மா கப்பல் நகரும்? யாராவது ஒருத்தர் சொல்லித்தான ஆவணும்."

அவள் தலையை ஆட்டிவிட்டு வேலையைத் தொடங்கினாள். ஓர் ஆளை எடுப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பக்கத்தில் இருக்கிற தண்ணீரை எடுத்து அவன் தலைமேல் பூச வேண்டும், அலை அசைகிறபடி அதையும் அசைக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் அங்கே யாரும் இருந்ததாகவே தெரியாது. மதியம் அவள் சாப்பிடப் போகவில்லை. சிந்துஜா ஒரு வடையை வாங்கி வந்து விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தாள். அது அப்படியே இருந்தது.

மூன்று மணிக்குப் புருஷோத்தமன் பெரிய திரையில் போட்டுப் பார்த்தார். கப்பல் இருந்தது. கயிறுகள் தொங்கின. கடல் சுத்தமாக இருந்தது. ஒரு தலை இல்லை, ஒரு கை இல்லை.

"எங்கம்மா எல்லாரும்?"

"எடுத்துட்டேன் சார்."

"பாதிதான கேட்டா?"

"பாதி எடுக்கலாம்னுதான் பாத்தேன். யாரை எடுக்குறது, யாரை விடுறதுன்னு தெரியல சார். ஒவ்வொருத்தனும் கைய ஆட்டுறான். அதான் எல்லாரையும் எடுத்துட்டேன்."

திட்டுவதற்காகத் திறந்த வாயைப் புருஷோத்தமன் மூடிக்கொண்டார். பத்து வருஷமாக இந்த வேலையில் இருக்கிறார், இப்படி ஒரு தப்பை எவரும் செய்து அவர் பார்த்ததில்லை. பழைய கோப்பைத் திறந்தார். ஒரே தட்டில் அத்தனை பேரும் தண்ணீருக்கு மேலே வந்தார்கள். ஹேமலதா அவர்களையே பார்த்தாள்.

"சிந்துஜா பாத்துக்குவா. நீ வீட்டுக்குப் போம்மா" என்றார் அவர், ரொம்ப மெதுவாக. "வீட்ல... எல்லாம் எப்படி இருக்கு?"

"யாரும் இன்னும் சொல்லல சார்" என்றாள். அவருக்கு அது புரிந்திருக்காது.

அவள் வீட்டுக்குள் நுழையும்போது எதிர்வீட்டு ஆயம்மா தூக்குச்சட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் வீட்டு முறை. வாய்க்காரி, தெருக்குழாயில் சண்டை வந்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும். அன்றைக்குச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்கு இவ்ளோதான்டி முடிஞ்சுது. தப்பா நெனச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

மூடியைத் திறந்தாள். கஞ்சி. உப்புப் போட்ட வெறும் கஞ்சி, அதில் ஒரு துண்டு ஊறுகாய் மிதந்தது. இன்னொரு வீட்டுக்கே இதுதான் கொடுக்க முடிந்தது என்றால், ஆயம்மா வீட்டில் அன்றைக்கு என்ன சாப்பிட்டிருப்பார்கள்? ஹேமலதா சட்டியை அன்னக்கிளியின் முன்னால் வைத்தாள். சுவரில் சாய்ந்திருந்த அன்னக்கிளி எட்டிப் பார்த்தாள். காலையில் வைத்த மல்லிகை வாடாமல் இருந்தது.

"கரைக்குப் போயிட்டு வரேன் அண்ணி."

எதற்கு என்று அன்னக்கிளி கேட்கவில்லை.

கரையில், வலை பழுதுபார்க்கிற கூடத்தில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆடாமல் இருந்தார்கள். அவள் வருவதைப் பார்த்ததும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஊர்த்தலைவர் ஜானகிராமன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். கொஞ்சம் தள்ளி, மணலில் இழுத்துப் போட்டிருந்த மகனின் படகில் சக்கரபாணி கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"பெரியப்பா, வலை போடுங்க."

ஆபீஸில் ஷாட் முடிந்துவிட்டது என்று சொல்வாளே, அதே குரலில்தான் வந்தது. தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம்.

ஜானகிராமன் தொண்டையைச் செருமினார். "நீ சொல்லி நாங்க போவ முடியாதும்மா. நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போற பொண்ணு நீ. உங்கப்பன் சொல்லணும். இல்ல, அவன் பொண்டாட்டி சொல்லணும்."

"அப்பா பேசறதே இல்ல. அண்ணிகிட்ட நான் என்னான்னு போய்க் கேக்குறது?"

"நாங்களும் கேக்க முடியாதேம்மா" என்றார் அவர். பெரிய மனிதர், கண் கலங்கிவிட்டது.

"யாரும் கேக்க வாணாம்."

பின்னால் அன்னக்கிளி நின்றிருந்தாள். செருப்புகூடப் போடாமல் வந்திருந்தாள்.

"அவ சொன்னது நான் சொன்னதுதான். வலை போடுங்க" என்றாள். பிறகு ஹேமலதாவின் பக்கம் திரும்பினாள். குரல் உடைந்துவிட்டது. "தெனம் அந்தப் பூவ வாங்கறப்ப, எவளாவது ஒருத்தி வந்து, இன்னும் ஏன்டி பூ வெக்கிறேன்னு என்னைக் கேக்க மாட்டாளான்னு பாத்தேன். நீயாவது கேப்பேன்னு பாத்தேன். எல்லாரும் தரையப் பாத்துக்கிட்டே போயிட்டீங்க. நானா எடுத்துப் போட்டா, நானே அவரைக் கொன்ன மாதிரி இருக்காதா? சொல்லுடி, இருக்காதா?"

அந்தப் பூவுக்குப் பயந்து இத்தனை நாளும் வீட்டில் ஒதுங்கி ஒதுங்கி நடந்தவள்தான் ஹேமலதா. போய் அண்ணியின் கையைப் பிடித்தாள். அந்தக் கை சில்லென்று இருந்தது.

ஜானகிராமன் துண்டைத் தலைக்கு மேலே தூக்கி ஒரு தடவை வீசினார். அவ்வளவுதான். எங்கிருந்து அத்தனை பேர் வந்தார்கள் என்று தெரியவில்லை. படகு படகாகத் தள்ளினார்கள். வலையைத் தூக்கி ஏற்ற வேண்டியிருக்கவில்லை. எல்லாப் படகிலும் வலை ஏற்கனவே இருந்தது, ஐஸ் பெட்டியும் இருந்தது. எப்போதிலிருந்து அப்படித் தயாராக வைத்திருந்தார்களோ! கோபம் வர வேண்டிய இடம்தான். ஹேமலதாவுக்கு வரவில்லை. பசித்த வயிறு வேறென்ன செய்யும்?

எஞ்சின்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கியபோது சக்கரபாணி படகிலிருந்து தலையைத் திருப்பிப் பார்த்தார். இத்தனை நாளும் ஒன்றிரண்டு படகுகள்தான் தேடப் போய்வந்தன. இப்போது குப்பம் மொத்தமும் ஓடுகிறது. அவர் எழுந்தார். படகின் விளிம்பைப் பிடித்துத் தடுமாறி இறங்கினார். வேட்டி அவிழ, அதை ஒரு கையில் அள்ளிக்கொண்டு, தண்ணீரை நோக்கி ஓடிவந்தார். இடுப்பளவுத் தண்ணீரில் படகைத் தள்ளிக்கொண்டிருந்த காத்தவராயனின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"செழியன் கெடச்சுட்டானா? எங்கடா இருக்கான்? எந்தப் பக்கம்?"

அத்தனை நாளும் மூடிக்கிடந்த வாய் அது. முகம் முழுக்கச் சந்தோஷம். காத்தவராயன் தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்துப் படகுக்காரர்களும் கையை நிறுத்திவிட்டு ஹேமலதாவைப் பார்த்தார்கள்.

அவள் அண்ணியின் கையை விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கிப் போனாள்.

"இல்லப்பா. கெடைக்கல. வலை போடப் போறாங்க. நான்தான் போவச் சொன்னேன்."

சக்கரபாணி மகளைப் பார்த்தார். படகுகளைப் பார்த்தார். ஒரு சின்ன விஷயம் விளங்காதவர் கேட்கிற மாதிரி கேட்டார்:

"எல்லாரும் வலை போடப் போயிட்டா, அவன யாரும்மா தேடுவா?"

அப்பாவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஊர் பார்க்கிறதே என்றுகூட இல்லாமல், ஹேமலதா வாய்விட்டு அழுதாள்.